கஞ்சி போட்ட சட்டை

எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் அவரைப் பார்த்ததும் ஒரு வணக்கம் வைத்துவிடுவார்கள். தும்பைப் பூ நிறத்தில் கஞ்சி போட்ட முழுக்கைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரை பூட்டியிருக்கும். கறுப்புக் கால்சட்டை, காலில் பளபளவென்று சப்பாத்து. வலது கை எப்போதும் கால்சட்டைப் பைக்குள். ஏதோ பெரிய உத்தியோகஸ்தர், பென்ஷன் வாங்கிக்கொண்டு காற்று வாங்கப் போகிறார் என்று நினைப்பார்கள். அவரும் இடது கையைத் தூக்கி ஒரு சலாம் போட்டுவிட்டு நடையைக் கட்டுவார். மில்லில் அடிபட்டு வேலையில்லாமல் வீட்டில் இருக்கிற ஆள் என்று பிறகு யாராவது சொன்னால் நம்ப மாட்டார்கள்.

எழுபதுகளின் நடுவில் முத்தியால்பேட்டையில் நான் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தேன். அவர் வீடு எதிர்சாரியில் இருந்தது. காலையில் நான் சைக்கிள்களைத் துடைத்து வரிசையாக நிறுத்தும்போது அவர் வீட்டுக் கதவு சாத்தியே இருக்கும். பிறகு திறக்கும். அவர் மாப்பிள்ளை மாதிரி இறங்கி வருவார். உள்ளே என்ன நடக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை. என் கவலையெல்லாம் அவர் நேராக என் கடைக்கு வந்துவிடக் கூடாதே என்பதுதான்.

வந்தால் சைக்கிள் கேட்பார்.

“அண்ணே, ஒத்தக் கையால ஓட்ட முடியுமா?”

“ஏன் முடியாது?”

இதுதான் அவர். வேறு எதுவும் சொல்ல வேண்டாம், இந்த இரண்டு வார்த்தை போதும். மனுஷன் வாயில் ‘முடியாது’ என்பது வரவே வராது. ஒருநாள் இப்படித்தான் என் கடையிலேயே புத்தம் புதிய வண்டியாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போனார். தெருமுனை வரை அழகாகத்தான் போனார். முனையில் திரும்ப வேண்டும், எதிரே ஒரு மாட்டு வண்டி. அவர் சாக்கடைக்குள் போய்விட்டார். நான் ஓடிப்போய்த் தூக்கினால், இடது கையால் சட்டையைத் தட்டிக்கொண்டே, “பிரேக்கு சரியில்லப்பா ஒன் வண்டியில. பாத்து வய்யி, யாராவது வுழுந்துடப் போறாங்க” என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

இந்தக் குணம் கை போனபிறகு வந்ததல்ல. பிறவியிலேயே இருந்தது. மாசி மகத்துக்குச் சாமிகளெல்லாம் வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வரும். ஒரு வருஷம் எங்கள் சாமியைத் தூக்க ஆள் குறைந்தது. இவர் முன்னால் வந்து நின்றார். ஆள் நல்ல குள்ளம். மற்றவர்களெல்லாம் பனைமரம் மாதிரி. “ஒங்களால முடியுமாண்ணே?” என்று ஒருவன் கேட்டுத் தொலைத்தான். அவ்வளவுதான், பல்லக்குத் தண்டுக்குக் கீழே நுழைந்துவிட்டார். தண்டு அவர் தோளுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் போகிறது. துண்டைச் சுருட்டித் தோளில் வைத்தும் எட்டவில்லை. கடற்கரை வரைக்கும் சாமிக்கு அடியில் சும்மா நடந்துவிட்டு வந்து, மறுநாள் தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். “சாமி நல்ல கனம்” என்றார்.

கை போனதும் இப்படித்தான். மில்லில் அவர் கார்டிங் பகுதியில் வேலை பார்த்தார். பஞ்சைச் சிக்கெடுத்துச் சீவுகிற பெரிய மெஷின். ஒருநாள் உருளையில் பஞ்சு அடைத்துக்கொண்டது. நிறுத்தாமலே எடுக்க முடியுமா என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். அவர் என்ன பதில் சொல்லியிருப்பார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

கையை எடுக்காமல் ஒட்டவைத்துவிட்டார்கள் டாக்டர்கள். ஆனால் நரம்பெல்லாம் செத்துப்போயிற்று. தோளில் மட்டும் கொஞ்சம் உயிர் இருந்தது, அதற்குக் கீழே கை சும்மா தொங்கியது. அதைத்தான் பைக்குள் போட்டுக்கொண்டு திரிந்தார்.

அதிலும் ஒரு வித்தை கற்றுவைத்திருந்தார். டீக்கடையில் உட்காரும்போது தோளை ஒரு வெட்டு வெட்டுவார். கை தானாகப் பறந்து வந்து மேசைமேல் ‘தொப்’பென்று விழும். பார்க்கிறவனுக்குக் கையைத் தூக்கி வைத்த மாதிரியே இருக்கும். பிறகு இடது கையால் டீயை எடுத்துக் குடிப்பார். இதைப் பழக அவர் எத்தனை நாள் கதவைச் சாத்திக்கொண்டு உதறினாரோ!

கல்யாண வீடுகளில் மட்டும் பந்திக்கு உட்கார மாட்டார். மொய் எழுதுவார், மாப்பிள்ளையோடு படம் எடுத்துக்கொள்வார், “வயிறு சரியில்ல” என்று கிளம்பிவிடுவார். வருஷம் முழுக்க வயிறு சரியில்லாத மனிதரை அப்போதுதான் பார்த்தேன். நம் வீட்டுச் சாப்பாடெல்லாம் துரைக்குப் பிடிக்காதோ என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம்.

மில்லில் அடிபட்டு ஊனமானவர்களுக்கு மாதாமாதம் அரசாங்கம் ஒரு தொகை கொடுக்கும். அதற்கு டாக்டர்கள் போர்டு ஒன்று கூடி ஊனத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இவருக்கும் கூப்பிட்டு ஓலை வந்தது. துணைக்கு யூனியன் செயலாளர் போனார். மில் கேட் கூட்டத்தில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன ஒல்லி மனிதர். திரும்பி வந்தவர் என் கடை ஸ்டூலில் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நடந்தது இதுதான். பிரெஞ்சுக்காரன் ஆண்ட எங்கள் ஊரில் ஆபீசுக்குப் போவதென்றால் கோயிலுக்குப் போகிற மாதிரி. வெள்ளைக்காரன் போயும் அந்தப் பழக்கம் போகவில்லை. இவருடைய அப்பா, மேரி என்று நாங்கள் சொல்கிற நகராட்சி ஆபீசில் பிரெஞ்சுக்காரன் காலத்துச் சேவகர். சப்பாத்து போடாதவனை உள்ளே விடாத பரம்பரை. அதனால் மற்றவர்களெல்லாம் கட்டும் தாடியும் முனகலுமாக வரிசையில் நிற்க, இவர் பாதிரியார் முன்னால் நிற்கிற மாப்பிள்ளை மாதிரி உள்ளே போயிருக்கிறார். “போன்ழூர், முசியே” என்று பிரெஞ்சில் வணக்கம் வேறு சொல்லியிருக்கிறார். டாக்டர் தஞ்சாவூர்க்காரர், ஒன்றும் புரியாமல் விழித்திருக்கிறார்.

“கை எப்படி இருக்கு?”

“நல்லா இருக்குது சார். நீங்க எப்படி இருக்கறீங்க?”

“தூக்க முடியுமா?”

“ஏன் முடியாது?” தோளை ஒரு வெட்டு. தொப்.

“இப்போ என்ன பண்றீங்க?”

“சாயந்தரத்துல பெத்தாங் ஆடறேன் சார். எடக் கையால. போன வாரம் ரிட்டயர்டு சொல்தாங்களயே அடிச்சிட்டேன்.”

இரும்புக் குண்டை வீசி ஆடுகிற அந்த ஆட்டமும் டாக்டருக்குத் தெரியாது, சொல்தா என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர் என்பதும் தெரியாது. இவர் விளக்கிச் சொல்லியிருக்கிறார். டாக்டர் சட்டைக் கையை முழங்கை வரை ஏற்றிப் பார்த்ததோடு சரி, வெளியே இன்னும் நிறையப் பேர் நின்றார்கள். நிரந்தர ஊனம் என்று சொல்வதற்கில்லை என்று எழுதிவிட்டார்கள்.

இப்போது கதையைப் பாருங்கள். கை நன்றாக இருக்கிறது, அதனால் பணம் இல்லை என்கிறது போர்டு. கை விளங்கவில்லை, அதனால் வேலை இல்லை என்கிறது மில். ஒரே கை ஒரு இடத்தில் உயிரோடு இருக்கிறது, இன்னொரு இடத்தில் செத்துக் கிடக்கிறது. நடுவில் மாட்டிக்கொண்டது அவர் மனைவி. அந்த அண்ணி ஊருக்கெல்லாம் இட்லி மாவு ஆட்டிக் கொடுக்க ஆரம்பித்தார். விடிந்தால் ஆட்டுக்கல் சத்தம்தான். சாயங்காலம் மணிக்கட்டில் துணியைச் சுற்றிக்கொண்டு நிற்பார். “எதுக்குண்ணே அண்ணிக்கு இந்தக் கஷ்டம்?” என்று கேட்டால், “அவளுக்குப் பொழுது போவலப்பா” என்பார் அவர். அறையலாம் போல இருக்கும். ஆனால் சொல்லிவிட்டு அவர் என் முகத்தைப் பார்க்க மாட்டார் என்பதையும் கவனித்திருக்கிறேன்.

மேல்முறையீடு செய்யலாம் என்று யூனியன்காரர் சொன்னபோது அவருக்கு இஷ்டமில்லை. கையெழுத்துப் போட வைத்தது அண்ணிதான்.

“ஒன் கை எப்படிப்பட்டதுன்னு எனக்குத் தெரியும்யா. அவங்களுக்குத் தெரிய வேணாமா?” என்றார். “இன்னும் ஒரு வருசம் இப்படியே ஆட்டுனா என் கையும் ஒன் கை மாதிரி ஆயிடும். அப்புறம் ரெண்டு பேருக்கும் யாரு சோறு போடறது?”

அவர் பேனாவை வாங்கினார். இடது கையால் வளைத்து வளைத்துக் கையெழுத்துப் போட்டார்.

விசாரணைக்குத் தேதி வந்ததும் என் கடையில் ஒத்திகை நடந்தது. மத்தியானம், வியாபாரம் இல்லாத நேரம். யூனியன்காரர் ஸ்டூலில் நீதிபதியாக உட்கார்ந்தார். அண்ணி ஓரமாக நின்றார்.

“வலது கைய தூக்க முடியுமா?”

“ஏன் மு...”

அண்ணி இருமினார்.

“இன்னிக்கி வேணாங்க” என்றார் அவர்.

“இன்னிக்கி நாளைக்கிங்கற பேச்சே இல்ல. முடியுமா, முடியாதா?”

“பாத்துக்கலாம்.”

“‘முடியாது’ன்னு சொல்லுங்க. ஒரே ஒரு வார்த்த.”

“நீ சொல்லேன்.”

“யோவ், எனக்கு முடியும்யா! ஒங்களுக்குத்தான் முடியாது!”

“அத்த எப்படி நீ சொல்லலாம்?” என்று அவர் எழுந்துவிட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் பங்க்சர் ஒட்டுகிற தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கடைசியில் யூனியன்காரர் கும்பிடு போட்டார். “சாமி, நீங்க ஒண்ணுமே சொல்ல வேணாம். வாயத் தொறக்காம நில்லுங்க. அது போதும். அப்புறம், லுங்கி கட்டிக்கிட்டு வாங்க. நாலு நாளு சவரம் பண்ணாதீங்க.”

“லுங்கியா? ஜட்ஜு முன்னாடியா? எங்கப்பா மேரியில இருந்தவரு.”

விசாரணைக்கு முந்தின நாள் பார்த்தால் அண்ணி வாசலில் அதே வெள்ளைச் சட்டையைக் கஞ்சியில் முக்கிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது.

“என்னாங்கண்ணி, நீங்களுமா?”

அவர் சட்டையை உதறிக் கொடியில் போட்டார். “அந்த ஆளுக்கு இருக்கறது இது ஒண்ணுதான் தம்பி. இத்தயும் புடுங்கிப்புட்டுப் பணம் வாங்கி இன்னா பண்றது?”

மறுநாள் நான் கடையைச் சாத்திவிட்டு அவர்களோடு போனேன். வெள்ளைக்காரன் கட்டிய பழைய கட்டடத்தின் மாடி. உயரமான கூரை, பாதிக் கதவு போட்ட அறை. உள்ளே ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், இரண்டு பக்கமும் இரண்டு டாக்டர்கள், அதில் ஒருவர் பெண். யூனியன்காரர் அவரோடு உள்ளே போனார். நானும் அண்ணியும் வெளியே பெஞ்சில். நான் உட்காரவில்லை. பாதிக் கதவுக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் நன்றாகத்தான் போயிற்று. கேட்டதற்கெல்லாம் யூனியன்காரர் பதில் சொன்னார். இவர் வாயை இறுக்கிக்கொண்டு நின்றார். பிறகு ஆண் டாக்டர், “அந்தக் கையை இப்படி மேசைமேல வைக்க முடியுமா?” என்றார்.

வாயைத் திறக்கக் கூடாது என்றுதானே சொல்லியிருந்தோம்? தோளைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஒரு வெட்டு. கை பறந்து போய் நீதிபதியின் மூக்குக்கண்ணாடிக் கூட்டின்மேல் விழுந்தது.

“தூக்கறாரே!” என்றார் டாக்டர். யூனியன்காரர் கண்ணை மூடிக்கொண்டார். நீதிபதி ஏதோ எழுதினார். தொலைந்தது என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் அண்ணி முந்தானை நுனியைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் ‘தொப்’ சத்தம் அவருக்குத் தெரியாததா?

“சட்டையைக் கழட்டுங்க, தோளைப் பாக்கணும்” என்றார் பெண் டாக்டர்.

இடது கையால் மடமடவென்று பொத்தான்களைக் கழற்றினார். அதையும் ஒரு சாமர்த்தியமாகத்தான் செய்தார். சட்டையை உருவி மேசையோரம் போட்டார். அன்றைக்குத்தான் அந்தக் கையை நான் முழுசாகப் பார்த்தேன். முருங்கைக்காய் மாதிரி வற்றிப்போயிருந்தது. டாக்டர் அங்கே இங்கே அழுத்திப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

“சரி, போட்டுக்கிட்டுக் கிளம்புங்க” என்று நீதிபதி அடுத்த காகிதக் கட்டை எடுத்தார்.

அவர் சட்டையை எடுத்தார். கஞ்சி போட்ட முழுக்கை, உள்ளே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. செத்த கை அதற்குள் எப்படி நுழையும்? இடது கையால் வலது கையைப் பிடித்தால் சட்டையைப் பிடிக்கக் கையில்லை. சட்டையைப் பிடித்தால் கையைப் பிடிக்கக் கையில்லை. தோளை வெட்டிப் பார்த்தார். கை மேசைக் காலில் இடித்தது. சட்டை கீழே விழுந்தது. குனிந்து எடுத்தார். மறுபடியும் முயன்றார். மறுபடியும் விழுந்தது. சைக்கிள், டீ, குண்டு ஆட்டம், கையெழுத்து என்று தெருவின் கண்ணில் படுகிறதையெல்லாம் பழகிவைத்திருந்தவர், சாத்திய கதவுக்குள் நடக்கிற இந்த ஒன்றை மட்டும் பழகவே இல்லை.

நீதிபதி காகிதத்திலிருந்து தலையைத் தூக்கினார்.

“முடியலையா?” என்று மெதுவாகக் கேட்டார்.

அவர் நிமிர்ந்தார். கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது.

“ஏன் முடியாது? முடியும் சார்.” கதவுப் பக்கம் பார்த்தார். “வெளிய என் சம்சாரம் ஒக்காந்திருக்கறா. அவளக் கூப்புடுங்க. அவ வந்தா முடிஞ்சிடும்.”

யாரும் கூப்பிடவில்லை. அண்ணி அதற்குள் எழுந்து கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். சட்டையை ஒரு உதறு உதறினார். மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து தன் கையைச் சட்டைக்கைக்குள் விட்டு, மறுபக்கம் அவர் விரல்களைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தார், பிள்ளைக்குச் சொக்காய் போடுகிற மாதிரி. கீழிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் போட்டார். “கழுத்த நிமித்துய்யா” என்று கடைசிப் பொத்தானைப் போட்டு, காலரை இழுத்துவிட்டார். பிறகு அந்தக் கையை எடுத்துக் கால்சட்டைப் பைக்குள் வைத்து, மேலே ஒரு தட்டுத் தட்டினார்.

“முடிஞ்சிடுச்சு சார்” என்றார் அவர் நீதிபதியிடம்.

“தினமும் நீங்கதானாம்மா?” என்று நீதிபதி கேட்டார்.

“ஆமாங்க. குளிக்க வய்க்கறது, தல வாரறது, இந்தச் சட்ட. சோறும் நான்தான் ஊட்டறேன். எடக் கையால சாப்பிட மாட்டாரு. வெளிய தெரியறதெல்லாம் அவரு வேல. மத்ததெல்லாம் என் வேல.”

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அந்தப் பந்திகளெல்லாம் ஞாபகம் வந்தது. துரை என்று கேலி பேசியதும் ஞாபகம் வந்தது. மாடிப்படிப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் சண்டை.

“ஜட்ஜு முன்னாடி ஊட்டறதயெல்லாம் எதுக்குச் சொன்ன?”

“கேட்டாரு, சொன்னேன்.”

“கேட்டா சொல்லிடறதா?”

கேஸ் ஜெயித்தது. நிரந்தர ஊனம் என்று ஒப்புக்கொண்டு, மாதாமாதம் பணம் தரச் சொல்லி உத்தரவு வந்தது. யூனியன்காரர் தெருவில் குதித்துக்கொண்டு ஓடிவந்தார். இவர் டீக்கடையில் சொன்ன கதை வேறு. “நான் எவ்வளவோ வேணாம்னேன். பெரிய மனுஷரு, அவராப் பாத்துக் குடுக்கறாரு. மறுத்தா நல்லாவா இருக்கும்?” யாரும் மறுத்துப் பேசவில்லை. அண்ணி ஊருக்கு மாவாட்டுவதை நிறுத்தினார். மணிக்கட்டுத் துணியும் கொஞ்ச நாளில் காணாமல் போயிற்று.

எண்பதுகளில் ஆளாளுக்கு மொபெட் வாங்க, என் வாடகை சைக்கிள் படுத்துவிட்டது. கடையைக் கட்டிவிட்டு முதலியார்பேட்டைக்குக் குடிபோனேன். இத்தனை வருஷம் கழித்து அவரை நினைத்தால், சாக்கடையோ சாமி தூக்கியதோ முதலில் வருவதில்லை. உத்தரவு வந்த அடுத்த வாரம் ஒரு காலைதான் வருகிறது.

நான் சைக்கிள்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. அவர் வெற்று மார்போடு வாசற்படியில் வந்து நின்றார். பால்காரன், பள்ளிக்கூடப் பிள்ளைகள், குழாயடியில் பெண்கள் என்று தெரு முழுக்க ஆள். உள்ளேயிருந்து அண்ணி சட்டையோடு ஓடிவந்தார்.

“இன்னாய்யா இது, உள்ள வா. தெருவுல எல்லாரும் பாக்கறாங்க. இங்கயெல்லாம் ஒனக்குச் சட்ட போட முடியாது.”

அவர் நகரவில்லை. கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

“ஏன் முடியாது?” என்றார்.